மலைப் புல்வெளியின் சட்டீரியம் நேபாளென்ஸ்: கேள்வி பதில்

கே: ஊட்டிப் பக்கம் புல்லுக்குள் இளஞ்சிவப்பாய் ஒரு பூக்கதிர் பார்த்தேன். ஆர்க்கிட் என்கிறார்கள். ஆர்க்கிட் மரத்தில்தானே ஒட்டி வளரும்?

ப: மண்ணில் வளர்வதும் நிறைய உண்டு. நீங்கள் பார்த்த பூவின் பின்பக்கம் வால் மாதிரி இரண்டு குழல்கள் தொங்கினால் அது சட்டீரியம்தான். உதடு என்று சொல்லும் இதழ் கீழே இல்லாமல், மேலே குல்லாய் போலக் கவிந்திருக்கும். இதன் உறவுகள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவில், ஆசியாவில் சிலதான். பெயரில் நேபாளம் இருந்தாலும் இமயமலை, நீலகிரி, பழனிமலை, இலங்கையின் மலைநாடு எல்லாமே இதற்குச் சொந்த ஊர்.

கே: எந்த மாதம் பூக்கும்?

ப: ஆகஸ்ட், செப்டம்பரில் போய்ப் பாருங்கள்.

கே: சரியான இடத்தைச் சொல்லுங்கள். போட்டோ எடுக்க மட்டும்தான்.

ப: பொதுவில் சொல்ல மாட்டேன். கிழங்கு தோண்டுபவர்களும் இதைப் படிக்கலாம்.

கே: கிழங்கு கிடைத்தால் சென்னையில் தொட்டியில் வைக்கலாமா?

ப: வேண்டாம். மண்ணுக்குள் இரண்டு கிழங்கு இருக்கும். ஒன்று இந்த ஆண்டுப் பூவுக்குச் சத்தைக் கொடுத்துச் சுருங்கிவிடும், மற்றது அடுத்த ஆண்டுக்கு. தோண்டினால் இரண்டும் போய்விடும். விதையோ தூசி போல இருக்கும், அதில் சேமித்த உணவு கிடையாது. மண்ணிலுள்ள பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். சென்னை வெயிலில் அந்த மலை மண்ணும் குளிரும் எங்கே?

கே: எங்கள் குழு மலையில் வெறுமையாகக் கிடக்கும் சரிவுகளில் மரக்கன்று நடுகிறது. இந்தப் பூவுக்கும் நல்லதுதானே?

ப: தயவுசெய்து நடாதீர்கள். அது வெறும் சரிவு இல்லை. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல்: அந்த மலைகளின் இயல்பே அதுதான். ஆங்கிலேயர் காலத்திலும் சும்மா கிடக்கும் நிலம் என்றுதான் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையையும் (வாட்டில் மரம், சீகைக்காய் அல்ல) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) கொண்டுவந்து நட்டார்கள். நிழல் விழுந்த இடத்தில் புல்லும் போச்சு, ஆர்க்கிட்டும் போச்சு.

கே: மரம் இல்லாமல் தண்ணீர் எப்படி? நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை.

ப: மழையையும் பனிமூட்டத்தையும் வாங்கி ஓடைக்கு விடுவதே புல்லும் சோலையும்தான். மரத்துக்கு நான் எதிரி இல்லை, சோலையில் அது இருக்கட்டும். சீகையை வெட்டினாலும் மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டு கழித்தும் முளைக்கும். வனத்துறை அனுமதியோடு அந்தக் கன்றுகளைப் பிடுங்க உங்கள் குழு வரட்டும், நானும் வருகிறேன்.

கே: கிழங்கு மருந்தாமே, எங்கே வாங்கலாம்?

ப: மறுபடியும் கிழங்கா? தோண்டாதீர்கள், வாங்காதீர்கள்.

கே: கடையில் வாங்கிய டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட்டில் இலை மஞ்சளாகிறது.

ப: வாங்கிய நர்சரியிலேயே கேளுங்கள்.

கே: வழியில் இந்தப் பூவைக் கண்டால்?

ப: பாதையை விட்டு இறங்காதீர்கள். ஓரத்திலேயே பூத்திருந்தால் குனிந்து மோந்து பாருங்கள், நல்ல மணம்.