வலக்கைக்காரர், ஆனால் ஆதிக்கக் கண் இடது: வில்லை எந்தக் கையில் பிடிப்பது?

ஆதிக்கக் கண் என்றால் குறிபார்க்கையில் மூளை கூடுதலாக நம்பும் கண். முதலில் கண்ணைச் சோதியுங்கோ. இரு கைகளையும் முன்னுக்கு நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவில் சின்ன இடைவெளி விட்டு, அதற்குள்ளால் தூரத்துப் பனைவட்டை இரு கண்ணாலும் பாருங்கோ. இடக்கண்ணை மூட வட்டு மறைந்தால் ஆதிக்கக் கண் இடதுதான். வலக்கையால் நாணிழுத்து இரு கண்ணும் திறந்து குறிபார்த்தால் அம்பு இடப்பக்கமாகவே விலகும்.

பழகத் தொடங்கிய புதிதென்றால் கை மாறுவதே நல்லது. வலக்கையில் வில், இடக்கையில் நாண். ரிகர்வ் வில்லில் (நுனிகள் முன்னுக்கு வளைந்த வில்) நடுப்பிடி, அம்புதாங்கி, விரலுறை மூன்றும் இடக்கைக்கானவையாக வேணும். கிளைகள் (நடுப்பிடியின் மேலும் கீழும் பூட்டும் வளையும் பாகங்கள்) இரு பக்கத்துக்கும் பொருந்தும். ஆனாலும் 30 இறாத்தல் (நாணை இழுக்கத் தேவையான விசை) கிளையை எடுத்து வைத்துவிட்டு 18 இறாத்தலில் தொடங்குங்கோ. இடப்பக்க முதுகுத்தசை இழுத்துப் பழகாதது, அவசரப்பட்டால் தோள் நோகும். முதலில் 3 மீற்றரில், குறித்தாள் ஒட்டாத வெறும் வைக்கோல் பலகைக்கு எய்யுங்கோ.

கனகாலம் எய்தவர் மாறத் தேவையில்லை; இடக்கண்ணை மறைத்தாலே போதும்.