துப்பாக்கிய கழட்டிட்டு கேமராவ மாட்டுன ஜெட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, அமெரிக்காவோட ஃபான்டம் சண்டை ஜெட்டோட பழைய படம் ஒண்ணு பாத்தேன். ஆர்.எஃப்-4சின்னு போட்டிருக்கு, மூக்குல சின்னச் சின்னதா கண்ணாடி ஜன்னல். அதுல துப்பாக்கியே கிடையாதாம்ல, எதிரி ஊருக்கு மேல அப்படிப் போனா சுட்டுப்புட மாட்டாங்களா? (திருமங்கலம் வாசகர்)

பதில்: சுடுவாங்க தம்பி, சுடத்தான் செஞ்சாங்க. அந்த ஜன்னலுக்குப் பின்னாடி இருக்கிறது கேமரா. வேவு பாக்கப் போற விமானத்துக்கு சண்டை வேலை கிடையாது, போயி படத்த எடுத்துட்டு பிலிம பத்திரமா ஊருக்கு கொண்டாந்து சேக்கணும், அவ்ளோதான். பெரிய விமானத்த அனுப்புனா மெதுவா போயி மாட்டிக்கிரும், அதனால இருக்கிறதுலயே வேகமான ஃபைட்டர எடுத்து துப்பாக்கிய கழட்டிட்டு கேமராவையும் கூடுதல் பெட்ரோலையும் ஏத்திக்கிறது. ஜெட் வர்றதுக்கு முன்னாடியே, 1939லயே பிரிட்டிஷ்காரங்க ஸ்பிட்ஃபயர்ல இத ஆரம்பிச்சுட்டாங்க. மேகத்துக்கு அடியில தாழ்வா போற ஸ்பிட்ஃபயர் சிலதுக்கு வெளிறிப்போன ரோஸ் கலர் அடிச்சாங்க, கல்யாண பந்தல்ல தொங்குற துணி மாதிரி, ஆனா விடியக்காலை வானத்துல அது கண்ணுக்கே தெரியாதாம்.

இதுல எனக்குப் புடிச்சது கியூபா கதை. 1962 அக்டோபர் 14ல அமெரிக்காவோட யு-2 வேவு விமானம் ரொம்ப உசரத்துல இருந்து, கியூபாவுல இருந்த சோவியத் ஏவுகணைகள படம் எடுத்துருச்சு, ஆனாலும் கிட்டப் போயி பாத்தாத்தான் எல்லாம் வெளங்கும்னு 23ந்தேதியில இருந்து குரூசேடர் ஃபைட்டரோட கேமரா மாடல அனுப்புனாங்க. ஃபைட்டர்ல நாலு பீரங்கி இருக்கும், இதுல ஒண்ணுகூட கிடையாது. ஃப்ளோரிடாவுல கீ வெஸ்ட்ல கிளம்பி, கியூபா மேல தாழ்வா ஒரே ஓட்டமா ஓடி, ஜாக்சன்வில்ல இறங்குனதும் பிலிம் நேரா கழுவப் போயிரும். ஒவ்வொரு தடவை போயி வந்ததுக்கும் விமானத்து மேல செத்த கோழி படம் ஒண்ணு வரைஞ்சு வச்சாங்க, நம்ம ஊரு ஆட்டோக்காரங்களுக்கு கொஞ்சமும் சளைச்சவங்க இல்ல.

கேள்வி: அண்ணா, மாட்டுத்தாவணில இருந்து மேலூர் பஸ்ல வரும்போது செல்போன்ல எடுத்தாலே படம் கலங்கிருது, ஜெட்ல எப்படி? (ஒத்தக்கடை கல்லூரி மாணவி)

பதில்: நல்ல கேள்விம்மா, பதிலும் உங்க பஸ்லயே இருக்கு. அடுத்த தடவை கவனிங்க, ரோட்டோர கம்பம்தான் கலங்கும், யானைமலை கலங்காது, தூரத்துல இருக்கிறது மெதுவா நகர்ற மாதிரி தெரியும். அதனால உசரத்துல போறவனுக்கு பிரச்சனை கம்மி, தாழ்வா போறவனுக்குத்தான் தலைவலி. கணக்கு போடுவோம். மணிக்கு 900 கிலோமீட்டர்னா செகண்டுக்கு 250 மீட்டர், கேமரா கண்ண ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு நேரம்தான் தொறந்தாலும் அதுக்குள்ள விமானம் 25 சென்டிமீட்டர் தாண்டிரும், மேல இருந்து பாத்தா ஒரு ஆளோட தலையே அவ்வளவுதான். 150 மீட்டர் உசரத்துல 150 மில்லிமீட்டர் லென்ஸ்னா அது பிலிம்ல கால் மில்லிமீட்டர் இழுவும், அதப் பெருசு பண்ணிப் பாத்தா கண்றாவியா இருக்கும். அதுக்கு என்ன பண்ணாங்கன்னா, பிம்பம் எந்த வேகத்துல நகருதோ அதே வேகத்துல பிலிமையும் உள்ள நகர்த்துனாங்க, ஒரே வேகத்துல போற ரெண்டு பஸ்ஸுல உக்காந்திருக்கவங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் தெளிவா பாக்குறோம்ல, அது மாதிரி. வேகமும் உசரமும் மாற மாற பிலிம் ஓடுற வேகத்தையும் மாத்தணும், அது தப்புனா உசிர பணயம் வச்சு எடுத்த படம் குப்பை.

இன்னொண்ணு, ஒரு படத்துல விழுந்த நிலத்துல 60 சதவீதம் போல அடுத்த படத்துலயும் விழுற மாதிரி எடுப்பாங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சு ஜோடி லென்ஸ் வழியா பாத்தா உசரம் பள்ளம் எல்லாம் எழும்பி நிக்கும், வைக்கப்படப்பா இல்ல தார்ப்பாய் போட்ட லாரியான்னு அப்பத்தான் புடிபடும்.

கேள்வி: நம்ம நாட்டுல இப்படி விமானம் இருந்துச்சா? (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: இருந்துச்சுங்க, மிக்-25. சோவியத்ல எதிரி விமானத்த துரத்தறதுக்குன்னு பொறந்த ஜாதி, அதுலயே வேவு பாக்குற மாடல 1981ல நம்ம வாங்கி பரேலில வச்சிருந்தோம். ஒலியப்போல ரெண்டரை மடங்குக்கு மேல வேகம், 20 கிலோமீட்டருக்கு மேல உசரம், துரத்திப் புடிக்கிறது லேசு இல்ல. 2006ல ஓய்வு குடுத்துட்டாங்க. இப்பெல்லாம் சாதா ஃபைட்டர் வயித்துக்கு அடியில கேமரா டப்பாவ தொங்கவிட்டுக்கிட்டுப் போறாங்க, வந்ததும் கழட்டிட்டு குண்ட மாட்டிக்கலாம், படமும் பறக்கும்போதே கீழ அனுப்பிரலாம். மிக்-25 ஒண்ணு டெல்லி பாலம் விமானப்படை மியூசியத்துல நிக்குது, அந்தப் பக்கம் போனா மூக்குக்கு அடியில கேமரா ஜன்னல தேடிப் பாருங்க.