விகான் ஊருக்கு மூன்று பெயர்க்கதைகள்: எதை எடுத்துக்கொள்வது?

கேள்வி: பிலிப்பைன்ஸின் விகான் நகரைப் பற்றிப் பயணக் காணொளி ஒன்றுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊர்ப் பெயருக்கு ஒருவர் செடியைக் காரணம் சொல்கிறார், இன்னொருவர் சீன வணிகர்களைச் சொல்கிறார். வில்லா பெர்னாண்டினா என்றும் ஒரு பெயர் அடிபடுகிறது. எதைச் சொல்வது?

பதில்: செடியைச் சொல்லுங்கள். ஆற்றோரங்களில் தழைத்து வளரும், சேம்பு இனத்தைச் சேர்ந்த பெரிய செடி அது. அம்பு முனை வடிவில் அகன்ற இலை. சாறு மேலே பட்டால் அரிக்கும். அந்த வட்டார மொழியான இலோகானோவில் அதற்கு ‘பிகாஅ’ என்று பெயர். அதோடு இடத்தைக் குறிக்கும் ‘அன்’ சேர்ந்து பிகான் ஆனது. ஸ்பானிய மொழியில் வி, பி எழுத்துகளுக்கு ஒலி ஒன்றுதான். அதனால் ஏட்டில் விகான் என்று நிலைத்தது.

இதை நான் நம்புவதற்கு வேறொரு ஊரே சாட்சி. மணிலாவுக்கு வடக்கே புலகான் மாகாணத்தில் இன்று பலக்தாஸ் எனப்படும் ஊருக்குப் பழைய பெயர் பிகாஅ. அங்கும் இதே செடியைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். அங்கே பிறந்த கவிஞர் பிரான்சிஸ்கோ பலக்தாஸின் நினைவாகப் பின்னாளில் பெயரை மாற்றினார்கள். செடி, மரங்களின் பெயரை ஊருக்கு வைப்பது அந்த நாடு முழுக்க உள்ள வழக்கம். தாலிசாய் என்ற பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன. அது நாட்டு வாதுமை மரம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஸ்பானியர் ஒருவர் “இது என்ன ஊர்?” என்று கேட்க, அவர் செடியைக் கேட்கிறார் என்று நினைத்து உள்ளூர்க்காரர் அதன் பெயரைச் சொன்னார் என்றொரு கதை உண்டு. இதே அச்சில் வார்த்த கதையைப் பிலிப்பைன்ஸில் ஊருக்கு ஊர் சொல்வார்கள். வேண்டுமானால் நாட்டுப்புறக் கதை என்றே அறிமுகப்படுத்திச் சொல்லுங்கள், வரலாறாக வேண்டாம்.

சீன விளக்கத்தின்படி, தென்சீன வணிகர்கள் பேசிய ஹொக்கியன் மொழியில் ‘பீ கான்’ என்றால் அழகான கரை. ஸ்பானியர் வருமுன்பே சீனக் கப்பல்கள் இங்கே வந்து மலைநாட்டுத் தங்கத்தையும் தேன்மெழுகையும் வாங்கிப் போயின என்பது உண்மைதான். ஆனால் வணிகர்கள் ஏற்கெனவே இருந்த பெயரைத் தங்கள் ஒலிக்கு ஏற்ற நல்ல பொருளுள்ள எழுத்துகளில் எழுதியிருப்பார்கள் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இதையும் ஒரு வரியில் சேருங்கள். சீன வம்சாவளி மெஸ்திசோ (கலப்பு வம்சக்) குடும்பங்கள் கட்டிய வீடுகளைக் காட்டப் போகிறீர்கள் அல்லவா?

அப்புறம் வில்லா பெர்னாண்டினா. 1572இல் இங்கே வந்த ஸ்பானியப் படைத்தலைவர் ஹுவான் தெ சல்செடோ அமைத்த குடியிருப்புக்கு, ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் மகன் பெர்னாண்டோவின் பெயரைச் சூட்டினார்கள். அந்த இளவரசர் 1578இல் சிறுவயதிலேயே இறந்துபோனார். 1758இல் நுவேவா செகோவியா என்ற கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையிடம் இங்கே மாறியபோது ஊர் ‘சியுதாத் பெர்னாண்டினா’ (பெர்னாண்டினா நகரம்) ஆனது. அரசாங்கம் எப்படி எழுதினாலும் மக்கள் விகான் என்றே அழைத்தார்கள். 1999இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறியதும் அந்தப் பெயரில்தான்.

படப்பிடிப்பை, பழைய வீடுகள் வரிசையாக நிற்கும் கிரிசோலோகோ தெருவோடு முடித்துவிடாதீர்கள். மெஸ்திசோ ஆற்றுக்கும் போங்கள். அன்று கடல் வணிகம் ஊருக்குள் வந்தது அந்த வழியாகத்தான். பிறகு வண்டல் படிந்து ஆழம் குறைந்துவிட்டது. பெயர் விளக்கத்தை அந்தக் கரையில் நின்று பேசுங்கள்.