‘தத்து’ இல்லை, சகோதரி

கேள்வி: நூற்பாலை ஊருக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட ராபர்ட் பிளின்கோ என்ற ஆங்கிலேயச் சிறுவனைப் பற்றி எங்கோ ஒரு வரி படித்தேன். யார் அவன்? என்ன ஆனான்?
– ஒரு வாசகி

பதில்: ‘தத்து’ என்ற சொல் அவனுக்குப் பொருந்தாது, சகோதரி. இங்கிலாந்தில் தத்தெடுப்புக்குச் சட்டமே 1926-ல்தான் வந்தது. பிளின்கோ பிறந்தது 1792 வாக்கில். நான்கு வயதில் லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ஏழைகள் விடுதிக்கு வந்து சேர்ந்தான். யாரோ ஒரு பாதிரியாருக்குப் பிறந்தவன் என்று பேச்சு. அதனால் மற்ற பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் ‘பாதிரி’.

அவன் கதையில் என்னைத் தூங்கவிடாத இடம் ஆலை அல்ல. ஆறு வயதில், புகைபோக்கி சுத்தம் செய்கிறவர்கள் விடுதிக்குப் பையன்களைப் பொறுக்க வந்தார்கள். கரியும் மூச்சுத்திணறலுமான வேலை அது. அவனோ ‘என்னை எடுத்துக்கொள்ள மாட்டார்களா’ என்று நுனிக்காலில் எக்கி நின்றான். பொடியன் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யாராவது தன்னைக் கூட்டிப் போகமாட்டார்களா என்று ஒரு குழந்தை அப்படி ஏங்கியிருக்கிறது!

அந்த ஏக்கத்தை 1799-ல் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். ஆலைக்குப் போனால் வறுத்த மாட்டிறைச்சி, பிளம் புட்டிங், ஏறிப்போக முதலாளியின் குதிரை, சட்டைப்பையில் வெள்ளிக் கடிகாரம் என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். ஏறக்குறைய எண்பது பேரை வண்டியில் ஏற்றி நாட்டிங்காம் பக்கம் லௌடம் நூற்பாலைக்கு அனுப்பினார்கள். 21 வயதுவரை அங்கேதான் என்று ஒப்பந்தம். முதல் இரவு கிடைத்தது நீர்த்துப்போன பால் கஞ்சியும், பல்லில் பசைபோல் ஒட்டிக்கொண்ட கறுப்பு ரொட்டியும்.

தரையில் சிந்திய பஞ்சைப் பொறுக்குவது முதல் வேலை. பிறகு எந்திரம் எட்டாததால் ஒரு கட்டைமேல் ஏற்றி நிறுத்தினார்கள். ஒரு விரலின் நுனி எந்திரத்தில் போயிற்று. லண்டனுக்கே ஓடிப் பார்த்தான். வழியில் ஒரு தையற்காரர் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். லௌடம் மூடப்பட்டபின் டெர்பிஷயரில் லிட்டன் ஆலை. அது இன்னும் கொடுமை. பசி தாங்காமல் பன்றித் தொட்டியிலிருந்து மாவு உருண்டைகளைத் திருடித் தின்றிருக்கிறான். ஓடுகிற எந்திரத்துக்கு மேலே கைகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். வெளியே வந்தபோது கால்கள் கோணியிருந்தன.

பிற்பாடு கழிவுப்பஞ்சு வியாபாரம் செய்தார், கடனுக்காகச் சிறையும் கண்டார். ஒரு மகனைப் படிக்கவைத்து உண்மையிலேயே பாதிரியாராக்கினார். ஜான் பிரவுன் என்ற பத்திரிகையாளர் கேட்டு எழுதிய அவர் வரலாறு 1828-ல் ஒரு இதழில் வந்தது. 1832-ல் தனி நூலானது. அதனால்தான் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது.

1833-ல் அரசு விசாரணைக் குழுவினர், ‘உங்கள் பிள்ளைகளை ஆலைக்கு அனுப்புவீர்களா?’ என்று அவரிடம் கேட்டார்கள். அதைவிட அவர்கள் நாடுகடத்தப்படுவதே மேல் என்றார் பிளின்கோ. ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பஞ்சாலையில் வைக்கக் கூடாது என்று 1819-லேயே சட்டம் வந்திருந்தது; அதைக் கண்காணிக்க அரசு ஆய்வாளர்களை நியமித்தது 1833 சட்டம்தான். பிளின்கோ ஆலைக்குப் போனபோது வயது ஏழு.