துப்பாக்கியின் துல்லியம் எவ்வளவு இருந்தால் போதும்? – கேள்வி பதில்

கேள்வி: பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பழகத் தொடங்கி ஆறு மாதமாகிறது. கிளப் துப்பாக்கியை விட்டுவிட்டு இதைவிடத் துல்லியமான ஒன்றை வாங்கினால் மதிப்பெண் ஏறுமா?

பதில்: இலக்கு அட்டை என்ன கேட்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பத்துக்குரிய புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. என்று கேட்டதும் மலைப்பு வரும். ஆனால் பெல்லட்டின் (ஏர் ரைஃபிளில் சுடும் சிறு குண்டின்) விட்டம் 4.5 மி.மீ.; அதன் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து என்பதால், பெல்லட்டின் நடுப்புள்ளி இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ. தூரத்துக்குள் விழுந்தால் போதும். ஆகவே, துளைகளின் நடுப்புள்ளிகள் 5 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கும்படி சுடும் துப்பாக்கியே ஒரு போட்டியில் சுடும் 60 பெல்லட்டுகளையும் பத்தில் வைக்க வல்லது. ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட போட்டித் துப்பாக்கி, பழையதானாலும், இதை எளிதாகச் செய்துவிடும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவே தகுதிச் சுற்றில் 600-க்கு 596 தான் எடுத்தார்.

கேள்வி: துப்பாக்கியின் பிழையும் என் பிழையும் சேர்ந்துதானே சிதறல் ஆகிறது?

பதில்: சேரும், ஆனால் நேர்க்கூட்டலாகச் சேராது. ஒன்றையொன்று சாராத இரு பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். உங்கள் சிதறல் 20 மி.மீ., துப்பாக்கியினுடையது 5 மி.மீ. என்றால் மொத்தம் 20.6. சேமிப்பையெல்லாம் கரைத்து 2 மி.மீ. துப்பாக்கி வாங்கினாலும் அது 20.1 ஆகும், அரை மில்லிமீட்டர்தான் லாபம். உங்கள் சிதறல் 8 மி.மீ.க்கு இறங்கியபின் அதே மாற்றம் 9.4-ஐ 8.2 ஆக்கும். அப்போது வாங்குங்கள், நானே உடன் வருகிறேன்.

கேள்வி: நண்பர் ஒருவர் மூன்று துளைகளும் ஒட்டிக்கொண்டிருக்கும் அட்டையைக் காட்டித் தம் துப்பாக்கி அவ்வளவு துல்லியம் என்கிறார். நம்பலாமா?

பதில்: எத்தனை அட்டைகளில் அது ஒன்று என்று கேளுங்கள். சுடும் எண்ணிக்கை கூடக்கூட, மிகத் தள்ளி விழுந்த இரு துளைகளின் இடைவெளியும் விரியும். ஒரே துப்பாக்கியில் பத்து பெல்லட் குரூப் (ஒரே அட்டையில் விழுந்த துளைகளின் தொகுப்பு), சராசரியாக, மூன்று பெல்லட் குரூப்பைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் இருக்கும். பத்துப் பத்தாகச் சுட்ட ஐந்து அட்டைகளை, நன்றாக வந்ததைப் பொறுக்காமல், வரிசையாக வைத்துப் பார்ப்பதே நேர்மை.

கேள்வி: என்னுடையது ஸ்பிரிங் துப்பாக்கி. மேசையில் அழுத்தி வைத்துச் சுட்டால் இன்னும் மோசமாகிறதே, குழல் கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஸ்பிரிங் வகையில் பெல்லட் குழலை விட்டு வெளியேறுமுன்பே பிஸ்டனின் ஓட்டத்தால் துப்பாக்கி முன்னும் பின்னும் அசைந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அந்த அசைவு ஒரே மாதிரி நிகழ விட்டால்தான் துளைகள் ஒன்றுசேரும். கெட்டியான மேசையில் நேரடியாக வைக்காமல், இடது உள்ளங்கையைத் திறந்து அதன் மேல் துப்பாக்கி இயல்பாகத் துள்ளும்படி தளர்வாகப் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: கைவசம் கொஞ்சம் பணம் இருக்கிறது. எதில் போடலாம்?

பதில்: பெல்லட்டில். தலை விட்டம் 4.49, 4.50, 4.51 மி.மீ. என வெவ்வேறாக வருபவற்றில் சிறிது சிறிதாக வாங்கி, உங்கள் குழலுக்கு எது ஒத்துப்போகிறது என்று சுட்டுப் பார்த்து, ஒத்துப்போனதை ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து மொத்தமாக வாங்கி வையுங்கள். மிச்சத்தைப் பயிற்சி நேரத்துக்குக் கொடுங்கள்.

கேள்வி: அப்படியானால் 2 மி.மீ. துப்பாக்கி யாருக்குத்தான் தேவை?

பதில்: தசம மதிப்பெண்ணுக்காக, அதாவது பத்தையே 10.0 முதல் 10.9 வரை பிரித்துக் கணக்கிடும் முறையில், போட்டியிடுபவர்களுக்கு. 10.9 வேண்டுமானால் பெல்லட்டின் நடுப்புள்ளி இலக்கின் மையத்திலிருந்து 0.25 மி.மீ.க்குள் விழ வேண்டும். அதன்பின் ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகலுக்கும் 0.1 மதிப்பெண் குறையும்.