இரட்டைச் சைலன்சர் வாங்கப் போகிறீர்களா? ஒரு காந்தத்தையும் கொண்டு போங்கள்

கேள்வி: என்னிடம் ஜப்பானில் இருந்து வந்த யமஹா டிராக்ஸ்டார் 400 இருக்கிறது, கார்புரேட்டர் மொடல். கொம்பனிச் சைலன்சர் இரண்டும் அடியில் கறள் பிடித்து ஓட்டை விழுந்துவிட்டன. குட்டையான, நேரான இரட்டைக் குழாய் செட் ஒன்றைக் கடையில் பார்த்தேன். நல்ல சத்தம். "அப்படியே பூட்டி ஓடலாம், எதையும் மாற்றத் தேவையில்லை" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? (வாசகர், உப்புவெளி)

பதில்: நம்பாதீர்கள் தம்பி. பூட்டலாம், ஓடவும் செய்யும். ஆனால் எதையும் மாற்றத் தேவையில்லை என்பது சரியில்லை.

எஞ்சினிலிருந்து புகை குழாய்த் தண்ணீர் போலச் சீராக வருவதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு அழுத்த அலை கிளம்பி, குழாய் முடிகிற இடத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. அது சரியான நேரத்தில் வால்வுக்கு வந்தால் எரிந்த புகையை இழுத்தெடுக்கும், பிழையான நேரத்தில் வந்தால் புதிதாக வருகிற கலவையைக் குழப்பும். குட்டைக் குழாய் எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் ஒத்துழைக்கும். நீங்களோ குறைந்த சுழற்சியில் ஓடுகிற வண்டி வைத்திருக்கிறீர்கள். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு மூன்றாம் கியரில் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஏறிப் பாருங்கள், இழுவை எங்கே போனது என்று விளங்கும். அதனால் கொம்பனிக் குழாயின் நீளத்துக்குக் கிட்டவாக உள்ளதை, உள்ளே சத்தத்தை அடக்கும் தடுப்பு உள்ளதைத் தேடுங்கள்.

அதற்கு முன் இன்னொன்று. எஞ்சினோடு சேரும் முன்குழாய்கள் நல்ல நிலையில் இருந்தால், பின்பாதியை மட்டும் மாற்றினால் போதும். செலவும் குறைவு, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் கை வைக்கிற வேலையும் குறைவு.

அடுத்தது உலோகம். திருகோணமலையில் இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. நான் ஒருமுறை பளபளவென்ற குரோம் சைலன்சர் சோடி வாங்கினேன். ஒரு மாரி முடிய, அடிப்பக்க வெல்டிங் ஓரத்தில் கொப்புளம் கொப்புளமாக வந்தது. பெருவிரலால் அழுத்தினேன், முட்டைக் கோது போல உள்ளே போய்விட்டது. குரோம் வெளியில்தான், உள்ளே வெறும் இரும்பு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகக் குழாய்க்குள் போகிறது. உப்புவெளியிலிருந்து டவுனுக்குப் போய் வருகிற சின்ன ஓட்டத்தில் சைலன்சர் முழுதாகச் சூடேறாது, அந்த நீர் உள்ளேயே தங்கும். வெளியில் உப்புக் காற்று, உள்ளே தண்ணீர்.

ஆகவே பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். 304 தர ஸ்டெயின்லெஸ் என்றால் காந்தம் ஒட்டாது. வளைவுகளில் லேசாக இழுத்தால் பயமில்லை. முழுவதும் பக்கென்று ஒட்டினால் அது குரோம் பூசிய இரும்பு, அல்லது 409 என்ற மலிவான ஸ்டெயின்லெஸ். 409 இரும்பை விட நின்று பிடிக்கும், ஆனாலும் நம் ஊர்க் காற்றில் மேலே பழுப்பேறும்.

இனி பூட்டுவது. குழாய் எஞ்சினோடு சேரும் வாயில் பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடவே வேண்டாம். எல்லா நட்டையும் தளர்வாகப் போட்டு, இரண்டு குழாயும் நேராக நிற்கிறதா என்று பார்த்து, முதலில் எஞ்சின் பக்கத்தையும் பிறகு தாங்கிகளையும் இறுக்குங்கள். மாறிச் செய்தால் வாயில் காற்றுக் கசியும். ஒருமுறை சூடேறி ஆறியபின் மறுபடி இறுக்கவேண்டும்.

அக்சிலேட்டரை விடும்போது பட் பட் என்று வெடித்தால், பலர் உடனே ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெற்றோல் வருகிற சின்னத் துளையை, மாற்ற ஓடுவார்கள். முதலில் கசிவைப் பாருங்கள். வாயைச் சுற்றிக் கரிக்கோடு தெரிந்தால் அதுதான் காரணம். கசிவு இல்லையென்றால் கலவையில் பெற்றோல் குறைவு. ஐட்லிங்கிலும் அக்சிலேட்டரின் கால்வாசி திறப்பு வரையிலும் பைலட் ஜெட்டும் கலவைத் திருகும் வேலை செய்யும், நடுவில் ஊசி, முழுத் திறப்பில் மெயின் ஜெட். எந்த இடத்தில் தடுமாறுகிறதோ அதை மட்டும் தொடுங்கள். மெயின் ஜெட்டின் அளவு எண் பெரும்பாலும் படிக்கு 2.5 ஆகக் கூடும், ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஹபரணை வீதியில் ஒரே சீராக ஓடி, எஞ்சினை நிறுத்தி, ஆறியபின் இரண்டு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். தவிட்டு நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் பெற்றோல் போதாது, கரியாக இருந்தால் பெற்றோல் கூடிவிட்டது. உங்கள் எஞ்சினின் இரண்டு சிலிண்டரில் பின்னால் உள்ளதுக்குக் குளிர வைக்கும் காற்றுக் குறைவாகப் படும், அதை ஒருபோதும் பெற்றோல் குறைவாக ஓட விடாதீர்கள். இரண்டு கார்புரேட்டரையும், உறிஞ்சலை அளக்கும் வெக்கியூம் கேஜ் வைத்துச் சமப்படுத்தத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். அந்தக் கூலியைச் சைலன்சர் விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள். பயத்தில் பெற்றோலை அளவுக்கு மீறிக் கூட்டினால், வருடாந்தப் புகைப் பரிசோதனையில் மாட்டுவீர்கள்.

சத்தம் பற்றியும் சொல்லவேண்டும். தடுப்பைக் கழற்றிவிட்டு ஓடாதீர்கள். மாற்றிய சைலன்சர்களைப் பொலிஸ் பிடிக்கிறது. அது ஒரு பக்கம். பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் படுத்திருக்கும் பாதையால்தான் கோணேசர் கோயிலுக்குப் போகிறோம், அந்த இடத்தில் அப்படி ஒரு சத்தத்தோடு போக எனக்கு மனம் வராது.

பற்றுச்சீட்டில் "304 ஸ்டெயின்லெஸ்" என்றும் எந்த மொடலுக்கு என்றும் எழுதி வாங்குங்கள். சொன்னதொன்று தந்தது இன்னொன்று என்றால், வாங்கி மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடவேண்டும். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977.

கேள்வி: என்னுடையது பஜாஜ் அவெஞ்சர் 220. இடப்பக்கமும் ஒரு சைலன்சர் வைத்தால் இழுவை கூடுமா? (வாசகர், கிண்ணியா)

பதில்: கூடாது. உங்கள் எஞ்சினில் ஒரே சிலிண்டர், புகை வெளியேற ஒரே வாய். இரண்டாவது ஒன்று வெறும் அலங்காரமாக இருக்கும், இல்லாவிட்டால் ஒரு குழாயை இரண்டாகப் பிரித்திருப்பார்கள். பிரித்தால் புகையின் வேகம் குறையும், பாரம் கூடும். அழகுக்கு ஆசை என்றால் இடப்பக்கத்தில் தோல் பை ஒன்று மாட்டுங்கள், மீன் சந்தைக்குப் போகும்போது உதவும்.