ஓடாத காரை டிரெய்லரில் ஏற்றுவது எப்படி?

திருவாரூர் பக்கம் கிராமத்து வீட்டில் ஓடாமல் நிற்கும் அம்பாசடரை டிரெய்லரில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் இடம். டெல்டாவின் களிமண் மழை ஈரத்தில் சக்கரத்தை விழுங்கிவிடும். வாய்க்கால் கரையோரம் அதைவிட மோசம். நெற்களம் போன்ற சமமான சிமெண்ட் தரைக்குக் காரைத் தள்ளி வாருங்கள்.

டிரெய்லரை இழுவை வண்டியில் மாட்டி, கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே ஏற்றுங்கள். டிரெய்லரின் பின்முனைக்கு அடியிலும் முட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் கார் ஏறும்போது பின்பக்கம் அமுங்கி, இழுவை வண்டியின் பின்பகுதியையே தூக்கிவிடும். வின்ச்சால், அதாவது கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் கருவியால், மெதுவாக இழுங்கள். ஸ்டியரிங்கில் ஒருவர் போதும். காருக்குப் பின்னால் எவரும் நிற்கக் கூடாது. தள்ளிவிட ஊரே ஓடிவரும், அன்பாக மறுத்துவிடுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது எடையில்தான். எஞ்சின் முன்னால் இருப்பதால் காரின் முகம் இழுவை வண்டியைப் பார்த்திருக்க வேண்டும். காரும் டிரெய்லரும் சேர்ந்து 1,800 கிலோ என்றால், அதில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 180 முதல் 270 கிலோ, டிரெய்லரை மாட்டியிருக்கும் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். கூடினால் இழுவை வண்டியின் முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். காரைச் சற்றே முன்பின் நகர்த்தினால் இது சரியாகும்.

நான்கு சக்கரங்களையும் ராட்செட் பெல்ட்டால் (நெம்புபிடியால் இறுக்கும் பட்டை) இறுக்குங்கள். தேங்காய் நார்க் கயிறு வேண்டவே வேண்டாம். சில கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். அறுவடைக் காலமென்றால் சாலையில் நெல் காயும். அதன்மேல் பிரேக் பிடித்தால் வழுக்கும்.